வல்லை வெளிக்கு அப்பால் ஒரு முற்றுப்பெறாத மொறிஸ்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு முதன்முறையாக வருகின்ற வெளியூர் அன்பர்கள் எமது கோயிற் கோபுரங்களையும் பனங்கூடல்களையும் கண்டு மகிழ்வதுடன், வேறொன்றையும் நின்று பார்த்துச் செல்வதை நாம் பலமுறை கவனித்திருக்கின்றோம். அஃது எமது வீதிகளில் இன்றும் ஓடுகின்ற பழைய ஆங்கிலேய மோட்டார்க் கார். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் முதலியன அறுபது எழுபது வயதைக் கடந்தும் இங்கே கலியாண வீட்டு வாசலிலும் சந்தை முகப்பிலும் நிற்கக் காணலாம். பழமையில் எமக்குள்ள பற்றே இதற்குக் காரணம் என்று அவர்கள் எண்ணுவர். உண்மை அதுவன்று. இக்கார்களை நாம் காப்பாற்றியதிலும் பார்க்க, எம்மிடம் வேறு கார் இல்லாமையே அவற்றைக் காப்பாற்றியது எனலாம்.

1970-ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது நாடு முழுவதிலுமே இருந்த காரைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. 1977-க்குப் பின் தெற்கிலே யப்பானிய வாகனங்கள் பெருகின. வடக்கிலோ போர் வந்தது. 1990 ஜூன் மாதத்தில் அது மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையை இக்கால மாணவர் நம்ப மறுக்கக்கூடும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரத்தை அதனைக் கொண்டு இயக்க முடியாது. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றி, அதன்பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வெண்புகை வீதியை மூடும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்களே இந்தக் கொடுமையைத் தாங்கின. பழைய ஒஸ்ரினும் மொறிஸும் எமக்குத் தோள் கொடுத்தது அவ்வாறே.

2002-இல் ஏ 9 வீதி திறந்தது. 2006-இல் மூடியது. போர் முடிந்த 2009-ஆம் ஆண்டின் பின் மீண்டும் திறந்தது. அவ்வழியே தெற்கிலிருந்து வந்தவர்களுள் பழைய கார்களைத் தேடி வாங்குவோரும் இருந்தனர். எமது கார்கள் பல லொறிகளில் ஏறி ஆனையிறவைக் கடந்து சென்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வாகனங்களின் விலை மேலும் ஏறிற்று. ஓடக்கூடியவை போனபின் எஞ்சியவற்றுட் பல, திருத்துவதற்கென்று கழற்றப்பட்டுத் திருத்தி முடியாமல் வீட்டு வளவுகளில் கிடப்பவை. இவற்றை விற்பதும் வாங்குவதும் தனியொரு கலை. அதனை நாம் அறிந்துகொண்டது வடமராட்சியில்.

எம்மோடு கற்பிக்கும் கணித ஆசிரியர் ஒருவருக்கு மொறிஸ் மைனர் ஒன்று வாங்க வேண்டுமென்பது நெடுநாளைய ஆசை. நெல்லியடிக்கு அண்மையில் ஒன்று விலைக்கு உண்டென்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் எம்மையும் துணைக்கு அழைத்தார். புறப்படும்போது அவருடைய மனைவியார், “கார் வாங்கப் போறியளோ, இரும்பு வாங்கப் போறியளோ?” என்று கேட்டார். நண்பர் மறுமொழி சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் பெருவீதி அழகியது. நல்லூரைத் தாண்டினால் கோப்பாய், அதன்பின் நீர்வேலி. செம்மண் தோட்டங்களில் வாழைகள் குலை தள்ளி நிற்கின்றன. புத்தூர்ச் சந்தியில் மேற்கே பிரியும் வீதியிலேதான், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக உள்ள நிலாவரைக் கிணறு இருக்கின்றது. அவ்விடத்தில் இறங்காமல் நாம் பஸ்ஸிலேயே தொடர்ந்தோம். ஆவரங்காலுக்கு அப்பால் மரங்கள் விலகுகின்றன. வல்லை வெளி விரிகின்றது. தொண்டைமானாற்று நீரேரியைப் பாலத்தால் கடக்கும்போது யன்னல் வழியே வீசும் காற்றில் உப்புச் சுவை நாவிலே படுகின்றது. “இந்தக் காற்றுத்தான் காருக்கு எதிரி” என்றார் நண்பர். குடாநாட்டின் எப்பகுதியும் கடலுக்குத் தூரமன்று. எந்தக் காரும் கறளுக்குத் தப்பியதன்று.

நாம் தேடிச் சென்ற வீட்டுக்குரியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வயது எண்பத்திரண்டு. தேநீர் தந்து உபசரித்தபின் வளவின் மூலையிலுள்ள கொட்டிலுக்கு எம்மை அழைத்துச் சென்றார். அங்கே நான்கு மரக்குற்றிகளின்மேல், சில்லுகளும் கதவுகளும் அற்று, செம்பூச்சு மட்டும் பூசப்பட்ட உடலோடு நின்றது மொறிஸ் மைனர். முன் கண்ணாடி நடுவிலே பிரிந்து இரண்டாக அமைந்த பழைய வகை. அவருடைய தந்தையார் 1955-ஆம் ஆண்டில் வாங்கியது.

மொறிஸ் மைனர் 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த கார். அதனை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில், கார் ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. மாதிரிக் காரை நடுவாக நெடுக வெட்டச் செய்து, இரு பாதிகளையும் விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். போனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளமாக இன்றும் உள்ளது. 1960-ஆம் ஆண்டின் முடிவில் பத்து இலட்சமாவது மைனர் தயாராயிற்று. பத்து இலட்சம் என்ற எண்ணை எட்டிய முதல் ஆங்கிலேயக் கார் இதுவே.

நண்பர் ஆவலோடு உடலைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். பெரியவர் தடுத்தார்.

“இல்லாத சாமான்களை முதல்ல பாருங்கோ, மாஸ்டர். இருக்கிறதைப் பிறகு பார்க்கலாம்.”

இவ்வாறு கூறி அவர் தடித்த அப்பியாசக் கொப்பியொன்றை நீட்டினார். தபாற் கந்தோரின் பதிவுப் புத்தகம் போலக் கோடிட்டு எழுதியிருந்தார். முதற் பக்கத்தின் தலைப்பே “இல்லாதவை” என்பது. பிறேக் எண்ணெய்க்குரிய பிரதான உருளை இல்லை. திரும்பும்போது தூணிலிருந்து வெளியே நீளுகின்ற சிறிய கைகாட்டிகளுள் இடப்புறத்தது இல்லை. முன் கண்ணாடியின் வலப்பாதி வெடித்தது. மின்கம்பிக் கட்டினை அணில் அரித்துவிட்டது. இரண்டாம் பக்கம் “கறள்”. கதவின் கீழ்ப்பகுதி, தரை, பின் வில்லுகள் பொருந்துமிடம் ஒவ்வொன்றையும் படம் வரைந்து, எங்கே புதுத் தகரம் வைத்தது, எங்கே வைக்கவில்லை என்று குறித்திருந்தார். இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டகம் இல்லை, உடலே சட்டகம். ஆகவே அடித்தகரம் இற்றால் அழகு மட்டுமன்றிப் பலமும் போய்விடும். மேலே பளபளக்கும் வண்ணம் பூசி விற்றால் வாங்குபவருக்கு இது தெரியவராது. அதனாலேயே செம்பூச்சோடு நிறுத்திவிட்டதாகப் பெரியவர் சொன்னார்.

சுவரோரத்தில் பிஸ்கற் தகரங்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் துணிச்சீட்டு, சீட்டிலே இலக்கம், அந்த இலக்கத்துக்குக் கொப்பியில் ஒரு வரி. எந்த ஆணி எந்தத் துளைக்குரியது, எதன் பின் எதைக் கழற்றியது என்பதெல்லாம் அங்கே இருந்தன. 2012-ஆம் ஆண்டில் காரைக் கழற்றினாராம். தகர வேலை செய்து வந்தவர் 2016-இல் காலமானார். அவரைப் போல ஒட்டக்கூடிய கை பிறகு கிடைக்கவில்லை. பெரியவரின் கையும் இப்போது நடுங்குகின்றது. பிள்ளைகள் இருவரும் கனடாவில்.

அடுத்து அவர் சொன்னதுதான் எம்மைப் பெரிதும் கவர்ந்தது. காரிலுள்ள இயந்திரம் காரோடு வந்ததன்று. 1993-ஆம் ஆண்டில் மண்ணெண்ணெயின் கொடுமையால் பழைய இயந்திரம் கெட்டுப்போக, ஒஸ்ரின் ஏ 30 ஒன்றின் இயந்திரத்தை எடுத்துப் பொருத்தினார். இரண்டும் 803 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒரே குடும்ப இயந்திரங்கள்; அதனால் அது பொருந்திற்று. ஆனால் பதிவுப் புத்தகத்தில் உள்ளது பழைய இலக்கம். “இதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில மாத்த வேணும். அலைச்சல் இருக்கு. மறைச்சு வித்தால் அந்த அலைச்சலையும் சேர்த்து உங்களுக்கு வித்ததாய்ப் போயிடும்” என்றார். வெடித்த பழைய இயந்திரமும் மேசைக்குக் கீழே சாக்கினால் மூடப்பட்டு இருந்தது. அதனைத் திருத்துவதா, மற்றதைப் பதிவதா என்பது வாங்குபவரின் விருப்பம்.

அந்த இயந்திரத்தோடுதான் அக்கார் 1993-க்குப் பின் இரவுகளில் மந்திகை ஆசுபத்திரிக்குக் கர்ப்பிணிகளையும் காயப்பட்டோரையும் ஏற்றிச் சென்றது என்று அயல்வீட்டு அம்மையார் சொல்லித்தான் அறிந்தோம். பெரியவர் அதனைக் கொப்பியில் எழுதவில்லை, விலையிலும் சேர்க்கவில்லை.

இங்கே வரலாற்றின் விந்தையொன்றையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்திலே பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்றை நடத்தி வந்தார். காரை எறியாது திருத்தித் திருத்திப் பயன்படுத்துவதே சிக்கனம் என்பது அவர் கொள்கை. 1990-களின் முற்பகுதியில் அவர் முயற்சியால் இலங்கையின் தென்பகுதியிலேயே மைனருக்கான தகரப் பகுதிகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அதே நாட்டின் வடமுனையில், அதே காருக்கு அத்தகரம் கிடைக்க வழியில்லாமல், எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார் எமது பெரியவர். கடல் கடந்து சென்ற பொருள் வல்லைப் பாலத்தைக் கடக்க முடியவில்லை.

பின்னர் விலை பேசப்பட்டது. முற்றுப்பெறாத காரை விற்பவர் பெரும்பாலும் தாம் இதுவரை செலவிட்ட தொகையையெல்லாம் கூட்டி விலை கேட்பர். வாங்குபவரோ இனிமேற் செலவாகும் தொகையைக் கழித்து விலை சொல்வர். இரண்டும் சந்திப்பதில்லை, கார் கறளுக்கு இரையாகும். பெரியவர் தாமே இரண்டாவது கணக்கைப் போட்டு வைத்திருந்தார். நண்பர் கணித ஆசிரியர் அல்லவா? அவரும் தனியாகக் கணக்கிட்டார். இரு தொகைகளும் அதிகம் வேறுபடவில்லை. உதிரிப்பாகம் விற்பவர் ஒருவர் கதவு, விளக்கு, கியர்ப்பெட்டி என்று தனித்தனியாகக் கழற்றிக்கொள்ள இதனிலும் கூடுதலான பணம் தருவதாகச் சொன்னாராம். பெரியவர் இணங்கவில்லை.

“வீட்டில கூரை உள்ள இடம் இருக்கோ?” என்று மட்டும் நண்பரைக் கேட்டார். மாடில்லாத மாட்டுக்கொட்டில் இருப்பதாக நண்பர் சொன்னார். “நிலத்துக்குச் சீமெந்து போட்டுப்போட்டு வாங்கோ. ஈர மண்ணில வைச்சால் நான் பத்து வருஷம் காத்தது ஒரு மாரியில போயிடும்.”

நண்பர் அவ்வாறே செய்தார். மூன்று கிழமைகளின் பின் லொறியோடு சென்றபோது பெரியவர் தகரங்களை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்து, பதிவுத் தபாலுக்குப் பெறுவதுபோல நண்பரிடம் கையெழுத்தும் பெற்றுக்கொண்டார். கொப்பியை இறுதியாகக் கொடுத்தார். அதில் எஞ்சியிருந்த வெற்றுப் பக்கங்களுக்கும் அவர் இலக்கமிட்டு வைத்திருந்தார்.

வாசகர்களுள் எவரேனும் இத்தகைய கார் ஒன்றை வளவிலே வைத்திருப்பின் அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. கழற்றிய பொருளைச் சிதற விடாதீர்கள். எதை எப்போது கழற்றினீர்கள் என்பதை உங்களுக்கு நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். பதிவுப் புத்தகத்தைச் செல்லரிக்க விடாதீர்கள். இனி எம்மால் இயலாது என்று தோன்றும் நாளில், காத்திராமல், குறைகளை முதலிற் சொல்லி விற்றுவிடுங்கள். பிரித்தவர் அறிந்ததைப் பொருத்தப் போகிறவர் அறியாவிட்டால் எஞ்சுவது பழைய இரும்பே. அறிந்தால் அது காராகும்.

இதனை எழுதும் வேளையில் நண்பரின் கொட்டிலில் காருக்கு இரண்டு கதவுகள் ஏறியிருக்கின்றன. மாலை வேளைகளில் அவருடைய மாணவர் சிலர் வந்து உதவுகின்றனர். வலப்புறக் கைகாட்டியை மின்கலம் ஒன்றோடு இணைத்து நீட்டி மடக்கிப் பார்ப்பதில் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. இடப்புறத்தது இன்னும் கிடைக்கவில்லை. கொப்பியில் “இல்லாதவை” என்ற பக்கத்தில் அந்த வரி இன்னும் வெட்டப்படாமலே இருக்கின்றது.