வண்டி ராத்திரி எங்கே நிற்கும்?

செடான் எடுக்கப் போகிறேன், பெட்ரோலா எலெக்ட்ரிக்கா என்று கேட்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்பதைத்தான். பட்ஜெட், கம்பெனி, கலர் எல்லாம் அப்புறம். கோவையில் கார் ரிப்பேரும், செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுப்பதும் என் தொழில். கார்பரேட்டர் காலத்தில் கையில் ஏறிய தொழில் இது. எலெக்ட்ரிக் கார் வந்த பிறகு, வண்டியோடு சேர்த்து வாங்குகிறவரின் வீட்டையும் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

சாய்பாபா காலனியில் ஒரு பேராசிரியை. சூலூர்ப் பக்கம் கல்லூரி. போக வர தினம் நாற்பது கிலோமீட்டர். ஒரு கை மாறிய டாடா டிகோர் எலெக்ட்ரிக்கைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "அண்ணா, ஓட்டிப் பார்த்தேனுங்க, அருமையா இருக்குது. எடுத்தர்லாமுங்களா?" என்றார். "சார்ஜ் எங்கீங்க மேடம் போடுவீங்க?" என்றேன். "போர்ட்டிகோவுல வாஷிங் மெஷினுக்குப் போட்ட பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் இருக்குதுங்க. அது போதாதுங்களா?" "அதை ஒருக்கா பார்த்துட்டுச் சொல்றனுங்க."

மெயினை அணைத்து அந்த சாக்கெட்டைக் கழற்றினால், நியூட்ரல் ஒயரின் முனை பழுப்பேறி, மேல் உறை விரலில் பொடிந்தது. வாஷிங் மெஷினின் ஹீட்டர் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நின்றுவிடும். அதற்கு ஒயரை இறுக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ தாங்கியிருக்கிறது. டிகோரின் சார்ஜர் 3.3 கிலோவாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 14 ஆம்ப்ஸுக்கு மேல். காலி பேட்டரி நிறைய எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அதே கரண்ட் விடாமல் ஓடும். ஸ்க்ரூ தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும், கடைசியில் சாக்கெட் உருகும். அதுவும் வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரத்தில்.

எர்த்தையும் பார்த்தேன். மீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தால், லோடு ஓடும்போதும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே பல மடங்கு காட்டியது. வெயில் காலத்தில் எங்கள் பக்கம் எர்த் குழி வறண்டுபோகும்; அதில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைப் பாதி வீடுகளில் மறந்துவிட்டார்கள். எர்த் இப்படி இருந்தால் சார்ஜர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். வண்டியில்தான் கோளாறு என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். புது எர்த் குழி, மெயின் போர்டிலிருந்து கனமான தனி ஒயர், கசிவு தெரிந்தால் அணைந்துவிடும் பிரேக்கர், நல்ல இண்டஸ்ட்ரியல் சாக்கெட் எல்லாம் போட்ட பிறகே அவரை அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னேன்.

அவருக்கு எலெக்ட்ரிக்கே சரி என்று நான் சொன்னதற்குக் காரணம் அந்த நாற்பது கிலோமீட்டர். வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் வருகிறது. டவுன் டிராஃபிக்கில் பெட்ரோல் செடான் லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தால் நல்ல வண்டி. பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி நிற்பதால் கிலோமீட்டருக்கு ஆறேமுக்கால் ரூபாய். டிகோர், சார்ஜாகும்போது வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் எடுக்கும். வீட்டுக் கரண்டில் ஒன்றரை ரூபாய்க்குள் முடியும். வருஷத்துக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி மிச்சம். ஆனால் கரண்ட் பில்லை முழுசாகப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் கூடும். முன்னூறு யூனிட் எடுத்துக்கொண்டிருந்த வீடு ஐந்நூறைத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் ஸ்லாபில் இருந்த மலிவு விலையும் போய்விடும். இதை ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதே கணக்கை, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் கார் எடுக்கிற வீட்டுக்குப் போட்டால் தலைகீழாகிவிடும். வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் மிச்சம் இருபதாயிரம். புது வண்டியென்றால், கூடுதலாகக் கொடுத்த சில லட்சங்கள் திரும்ப வருவதற்குள் வண்டிக்கு வயதாகிவிடும். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்புகிறவருக்கும் லாபம் பாதியாகக் குறையும். காத்திருக்கும் நேரம் தனி.

கோவைக்காரர்கள் எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி, ஊட்டி ஏறுமா என்பது. ஏறும். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. ஆட்களோடு ஒன்றரை டன் எடையை 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே 8 யூனிட் வேண்டும். டிகோரின் 26 யூனிட் பேட்டரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. சமவெளியில் காட்டும் ரேஞ்சை நம்பி மலை ஏறக் கூடாது. இறங்கும்போது அதில் பாதிக்குப் பக்கமாவது மோட்டார் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிவிடும். பெட்ரோல் வண்டியில் இரண்டாம் கியர் போட்டு இறங்கினால் பெட்ரோல் செலவாகாது, ஆனால் ஒரு சொட்டும் திரும்பி வராது. அதே சமயம், ஊட்டியில் பேட்டரியை முழுசாக நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் கரண்ட் போக இடமில்லாததால் மோட்டார் இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக் பேடில் விழும். எண்பது சதவீதத்தோடு கிளம்புங்கள்.

செடானுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தாழ்ந்த உடம்பு காற்றைக் கிழித்துப் போக நல்லது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதால் ஹைவேயில் ரேஞ்சைக் காப்பாற்றுவது அந்த உருவம்தான். ஆனால் பேட்டரியை வைக்கத் தரையைத்தானே தேட வேண்டும்? தாழ்ந்த வண்டியில் அது டிக்கி இடத்தையும் தின்றுவிடும். பெட்ரோல் டிகோரின் டிக்கி 419 லிட்டர், எலெக்ட்ரிக்கில் 316. கம்பெனிகள் எஸ்.யூ.வி. பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். டிகோரை விட்டால் நாற்பது லட்சத்தைத் தாண்டிய பி.ஒய்.டி. சீல் போன்ற வண்டிகள்தான். நடுவில் சாதாரணக் குடும்பம் வாங்கும்படியான எலெக்ட்ரிக் செடான் இல்லை. அதனால் பலருக்குத் தேர்வு டிசையர், அமேஸ் போன்ற பெட்ரோல் வண்டிகளிலேயே நின்றுவிடுகிறது. அதில் குறையொன்றும் இல்லை. தாராபுரத்திலோ கோபியிலோ வண்டி நின்றாலும் கைவைக்க ஆள் உண்டு, பார்ட்ஸ் உண்டு.

வண்டி பார்க்கும் முறையும் மாறிவிட்டது. பெட்ரோல் வண்டியென்றால் ஆயில் மூடியைத் திறந்து அடியில் வெண்படலம் இருக்கிறதா என்று பார்ப்பேன். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்து டாப்பெட் சத்தம் கேட்பேன். எலெக்ட்ரிக்கில் முதலில் வண்டியைத் தூக்கி டார்ச் அடித்துப் பேட்டரிப் பெட்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பேன்; ஸ்பீட் பிரேக்கர் கீறிய தடம் இருந்தால் மேற்கொண்டு பேசவே மாட்டேன். பிறகு பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று ஸ்கேனரில். 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற வாரண்டியில் மீதி எவ்வளவு, அது புது ஓனர் பேருக்கு மாறுமா என்று பேப்பரில். பிரேக் பேட் தேயாமல் இருக்கும். ஆனால் அதிகம் அழுத்தப்படாததால் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும், அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும். காது இங்கேயும் வீண்போகவில்லை. இன்ஜின் சத்தம் மூடி மறைத்திருந்த வீல் பேரிங்கின் முனகலும் லோயர் ஆர்ம் புஷ்ஷின் தட்டலும் இதில் முதல் ரவுண்டிலேயே கேட்டுவிடும்.

ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் எங்கள் பையன்கள் யாரும் தொடக் கூடாது. பயிற்சி எடுத்தவன், 1,000 வோல்ட் கையுறை போட்டு, இணைப்பைப் பிரித்து, கெப்பாசிட்டர் இறங்கும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்து வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஸ்பேனருக்கு முன்னால் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன். கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோது கற்காமல் நின்றவர்கள் பலர் தொழிலைவிட்டே போனதைப் பார்த்தவன் நான்.

வாங்கப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஷோரூமுக்குப் போகும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ஒயரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். வாடகை வீடோ அபார்ட்மென்டோ என்றால் சார்ஜிங் பாயின்ட் போட எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவீர்கள், ராத்திரி சொந்த பிளக்கில் வண்டி நிற்கும் என்றால் எலெக்ட்ரிக் எடுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் இப்போதைக்குப் பெட்ரோலே எடுங்கள்.