மலையுச்சியில் ஒரு மீன் குடில்

முக்கூர்த்தி தேசியப் பூங்கா வரையாட்டுக்காக ஒதுக்கப்பட்ட காடு. நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில் 78.46 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி 2,000 மீட்டருக்கு மேலே. இந்த உயரத்தில், புல்லும் பாறையும் பனிமூட்டமும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், ‘ஃபிஷிங் ஹட்’ என்றொரு கட்டடம் இருக்கிறது. ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் தங்கிக்கொள்ளும் இடம். ஆட்டுக்கான காட்டில் மீனுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விதான் என்னை ஊட்டி நூலகத்தின் பழைய அலமாரிகள்வரை இழுத்துக்கொண்டு போனது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முதுமலைபோல வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டும் பூங்கா அல்ல இது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால்வைக்க முடியாது. அது நல்லதும்தான். ஊட்டியிலிருந்து அவலாஞ்சி, அங்கிருந்து அப்பர் பவானி என்று போகப்போகத் தேயிலை குறைந்து, உருளைக்கிழங்கு குறைந்து, கடைசியில் மனிதர்களும் குறைகிறார்கள். பிறகு புல்வெளி. மடிப்பு மடிப்பாகப் புல்வெளி, மடிப்புகளின் இடுக்கில் மட்டும் கருத்து அடர்ந்த சோலை. காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்கும். மேற்கே நடந்தால் ஓரிடத்தில் மலை சட்டென்று முடிந்துவிடும். கீழே கேரளம், அமைதிப் பள்ளத்தாக்கின் காடு.

“கேரளா தெளிவாத் தெரிஞ்சா ஆடு தெரியாது சார். ஆடு தெரிஞ்சா மூடிக்கும்,” என்றார் கூட வந்த காவலர். அன்றைக்கு இரண்டும் தெரியவில்லை. மறுநாள் காலையில்தான் ஒரு கூட்டம் பாறைத் திட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. முதுகில் சாம்பல் பூசியதுபோல ஒரு கிழட்டுக் கிடா, மற்றவை பெட்டையும் குட்டியும். எல்லாம் கீழ்நோக்கியே பார்த்தன. ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்பது அவற்றின் கணக்கு. மிரண்டால் செங்குத்துப் பாறையில் இறங்கி மறைந்துவிடும். அங்கே புலியோ செந்நாயோ பின்தொடர முடியாது. அதனால்தான் துப்பாக்கி ஏந்திய துரைமார்கள் எப்போதும் மேலேயிருந்து வந்தார்கள். அக்கால வேட்டை நூல்கள் இந்த யுக்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகின்றன.

அந்த நூல்களைத் தேடித்தான் ஊட்டியின் நீலகிரி நூலகத்துக்குப் போனேன். கட்டடக் கலைஞர் சிஸம் வடிவமைத்த உயர்ந்த கூரைக் கட்டடம், தோலட்டைப் புத்தகங்கள். நீலகிரியைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்களில் பாதிப் பேராவது வேட்டையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலேறி வந்த பிறகு, அறுபது ஆண்டுகளுக்குள் கடமானும் வரையாடும் கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிட்டன. வேட்டையாடியவர்களே அலறத் தொடங்கினார்கள். அந்த அலறலில் பிறந்தது 1877இல் தொடங்கிய வேட்டைச் சங்கம். இரண்டே ஆண்டில் சட்டமும் வந்தது. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம். இந்தியா முழுவதற்குமான விரிவான வனவிலங்குச் சட்டம் 1972இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு மாவட்டம் எவ்வளவு முந்திக்கொண்டது என்பது புரியும்.

முந்திக்கொண்டது எதற்காக? அடுத்த ஆண்டும் சுடுவதற்கு ஆடு வேண்டும் என்பதற்காக. உரிமம், கட்டணம், சுடக்கூடாத பருவம், வரையாட்டில் முதிர்ந்த கிடாவை மட்டுமே சுடலாம் என்ற விதி. அதே கையால் செந்நாயைக் கொன்றவருக்குச் சன்மானமும் கொடுத்தார்கள். துரைமார்களின் மானைத் தின்பது செந்நாய் செய்த குற்றம்! காட்டுயிர்ப் பாதுகாப்பின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயராக வேட்டைக்காரன் எழுதப்பட்டிருப்பதை நம்மில் பலர் ரசிப்பதில்லை. ஆனால் கிடா விதி இல்லாமல் போயிருந்தால் நான் பார்த்த கூட்டம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சட்டத்தின் தலைப்பிலேயே மீனும் இருக்கிறதல்லவா? குடிலின் முடிச்சு அங்கே அவிழ்ந்தது. தூண்டில் போடுவதற்கேற்ற மீன் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் அன்று இல்லை. ஊரை நினைத்து ஏங்கியவர்களுக்கு அது பெருங்குறை. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே 1860களிலேயே டிரவுட் மீனைக் கொண்டுவரப் பாடுபட்டார். அது பிழைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டைப் பிழைக்கவைத்தார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. கடல் கடந்து வந்த முட்டை பொரிந்து குஞ்சாகி, எமரால்டு, முக்கூர்த்தி ஓடைகளில் நீந்தத் தொடங்கியது. தூண்டிலோடு வந்தவர்கள் இராத்தங்க வேண்டாமா? அதற்குத்தான் குடில். அந்நிய மீனைப் பிடிக்க வந்தவர்களின் கூரையடியில் இன்று மண்ணின் ஆட்டைக் காக்கிறவர்கள் படுத்துறங்குகிறார்கள்.

வேட்டைச் சங்கம் ஆட்டைக் காத்தது, மீனை வளர்த்தது, புல்லை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை. என் தேடலில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். காட்டிலாகாக் கணக்கில் மரம் இல்லாத நிலம் வெறும் நிலம். விடுதலைக்குப் பிறகும் அந்தக் கண் மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், விஸ்கோஸ் ஆலைக்கான கூழுக்காகக் கற்பூர மரத்தையும் புல்வெளிமீது வரிசை வரிசையாக நட்டார்கள். 1980களின் இறுதியில்தான் நடுவது நின்றது. இடையில் மின்சாரமும் வந்தது. 1932இல் பைக்காரா, பிறகு கனடாவின் உதவியோடு குந்தா திட்டம். அணைகளும் அவற்றுக்கான சாலைகளும் பள்ளத்தாக்குகளை அடைத்துக்கொண்டன. இந்த எல்லாவற்றுக்கும் தப்பியது மேற்கு விளிம்பு மட்டும். மழையும் காற்றும் அறைகிற, நட்டது எளிதில் பிழைக்காத விளிம்பு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரி மழை விழும் பகுதி. ஆட்டுக்குப் பிடித்த இடம் என்பதைவிட ஆட்டுக்கு மிஞ்சிய இடம் என்று சொல்வதே பொருத்தம்.

புல்வெளி எப்படி வந்தது என்பதிலும் ஒரு பழைய வழக்கு உண்டு. காடாக இருந்ததைத் தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காக எரித்தெரித்துப் புல்லாக்கிவிட்டார்கள் என்று பலர் எழுதிவைத்தார்கள். அப்படி நம்பினால் மரம் நடுவது புண்ணியமாகிவிடும். தீர்ப்பு மலையின் சதுப்பு மண்ணிலிருந்து வந்தது. 1993இல் சூழலியலாளர் ரா. சுகுமாரும் அவருடைய குழுவினரும் நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கார்பனின் ஐசோடோப்புகளை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. வறண்ட காலங்களில் புல் பரவியிருக்கிறது, ஈரக் காலங்களில் சோலை பரவியிருக்கிறது. தீ வைக்க ஆள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

தோடர்களுக்கோ முக்கூர்த்தி வேறு கணக்கு. மறைந்தவர்களின் உலகம் மேற்கில் இருக்கிறது, அதற்கான வழி இந்தச் சிகரத்தின் பக்கம்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊட்டிப் பக்கத்து மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றில் பெரியவர் ஒருவரிடம் பூங்காவைப் பற்றிக் கேட்டேன். கோயில் கூரை வேயும் புல்லைப் பற்றித்தான் அவர் பேசினார். அது சதுப்பில் மட்டும் வளர்வது. “முன்ன பக்கத்துலயே அறுப்போம். சீகை வந்து சதுப்பெல்லாம் காஞ்சுபோச்சு. இப்ப அந்தப் புல்லுக்காக எங்கெங்கயோ போறோம்.” 1879 சட்டத்துக்கும் 1990இன் தேசியப் பூங்கா அறிவிப்புக்கும் இடையே அவருக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் எழுதியவர்கள் அவருடைய ஆட்களைக் கேட்டு எழுதவில்லை.

அந்த 1990க்கு வந்து சேர்ந்த பாதையில் ஒருவரை விட முடியாது. குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார். துப்பாக்கியை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்த தலைமுறை. 1963இல் நீலகிரியின் வரையாடுகளை நடந்தே எண்ணி, 400 அளவில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். 1969இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் வந்து ஆராய்ந்தார். 1975இல் டேவிதார் தெற்கே உள்ள மலைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தார். ஆட்டுக்கு எண் கிடைத்த பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. 1982 ஆகஸ்டில் சரணாலயம், 1990 அக்டோபரில் தேசியப் பூங்கா. முதலில் வரையாட்டின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள். விலங்கியல்காரர்கள் தங்கள் பங்குக்கு 2005இல் ஆட்டின் சொந்தபந்தத்தையே மாற்றிவிட்டார்கள். அதுவரை இமயத்து வரையாட்டின் தம்பி என்று வைத்திருந்தவர்கள், மரபணுவைப் பார்த்துவிட்டு, செம்மறிக்குத்தான் கிட்டத்து உறவு என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

டேவிதாரைச் சிறப்பிக்கும் வகையில் அக்டோபர் 7 இப்போது வரையாடு தினம். 2023இல் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டம் தொடங்கியது. 2024இல் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணியபோது 1,031, அடுத்த ஆண்டு 1,303. கூடியது ஆடா, எண்ணும் திறமையா என்று உடனே சொல்லிவிட முடியாது. திட்டத்தில் எனக்கு நம்பிக்கை தருவது எண்ணிக்கையைவிடப் புல்வெளி மீட்புதான். காவலர் காட்டிய ஒரு சரிவில் சீகையை வெட்டியிருந்தார்கள். வெட்டினால் போதாது என்றார். மண்ணுக்குள் கிடக்கிற விதை வெயில் பட்டதும் மொத்தமாக முளைக்கும். நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும், அடுத்த மழைக்குப் பிறகு மறுபடியும், அதற்கடுத்த மழைக்குப் பிறகும். பிடுங்குகிற வேலைக்குத் தோடர் இளைஞர்களையும் கூப்பிடலாமே, எந்தப் புல் எங்கே வளரும் என்று அவர்களுக்குத்தானே தெரியும் என்று கேட்டேன். “கூப்பிடலாம் சார். கூலிக்கு மட்டும் கூப்பிடாம, எங்க நடணும்னு கேட்கவும் கூப்பிடணும்,” என்றார்.