பெட்டி புதுசா, உளி நல்லதா?



தச்சுப் பயிற்சி முடித்து என்.வி.கியூ. சான்றிதழ் பெற்ற எமதூர்ப் பிள்ளைகள் 8 பேருக்குத் தொழில் உபகரணம் வழங்குவது பற்றி ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வாரமாகப் பேச்சு நடக்கிறது. நல்ல முயற்சி. காசு தந்தவர்களுக்கும் இதற்காக ஓடித்திரிபவர்களுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

இரண்டு கருத்துகள் வந்திருக்கின்றன. ஒன்று, ஹார்ட்வெயார் கடையில் 20 சாமான் அடங்கிய புதிய பெட்டியை அப்படியே வாங்கிக் கொடுப்பது. மற்றது, அதே காசுக்கு 7 அல்லது 8 சாமான்களை, பாவித்ததானாலும் நல்ல கம்பனிச் சாமானாகத் தேடிக் கொடுப்பது. பாடசாலையில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழில்நுட்பவியலும் கற்பிக்கிற எங்களிடமும் சிலர் அபிப்பிராயம் கேட்டார்கள். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் கருவியால் உழைத்துச் சாப்பிடப் போகிறவனுக்கு, மலிவான புதியதை விட நல்ல பழையது மேல். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வாங்கும்போது பார்க்கத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். வாங்கிய பின் தீட்டக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

கடையில் வைத்துப் பார்த்தால் மலிவு உளியும் பளபளக்கும், விலை கூடிய உளியும் பளபளக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. உளிக்கான உருக்கை நன்றாகச் சூடாக்கி, சட்டென்று குளிர்த்திக் கடினமாக்குவார்கள். பிறகு 200 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே மீண்டும் சூடாக்கிப் பதம் பார்ப்பார்கள். கடினம் கூடிப்போனால் முனை உதிரும். குறைந்துபோனால் முனை மடியும். இந்தப் பதத்தில் கவனம் செலுத்த நேரமும் செலவும் தேவை. விலையைக் குறைக்கும்போது பல இடங்களில் முதலில் கைவைப்பது இதில்தான். அப்படி வந்த உளி பைன் பலகையில் எப்படியோ சமாளிக்கும். முதிரையிலோ பாலையிலோ ஒரு துளை எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

சீவுளியும் அப்படித்தான். லெனார்ட் பெய்லி என்ற அமெரிக்கரின் சீவுளிக் காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பனி 1869இல் வாங்கியது. இன்று நாம் காணும் இரும்புச் சீவுளிகளில் பெரும்பாலானவை, மலிவானவை உட்பட, அந்த வடிவத்தைப் பின்பற்றியவைதான். வடிவம் ஒன்றாக இருந்தும் ஒன்று வெட்டுகிறது, மற்றது துள்ளுகிறது. ஏன்? அடிப்பாகம் நேராக இல்லாவிட்டால், அலகு குந்தும் இடம் ஒழுங்காகக் கடையப்படாவிட்டால், அலகு நடுங்கும். நடுங்கினால் மரத்தைச் சீவாது, பிய்க்கும்.

எங்கள் பாடசாலைப் பட்டறையில் இரண்டு சீவுளிகள் இருக்கின்றன. ஒன்று, ஓர் ஓடாவியார் மௌத்தான பின் அவருடைய மகன் கொண்டுவந்து தந்த பழைய ஸ்டான்லி 4ஆம் இலக்கம். மற்றது பெட்டியோடு வந்த புதியது. புதியதோடு ஒரு பாடவேளை முழுக்கப் போராடிய ஒரு மாணவன், "சேர், எனக்கு இந்த வேலை வராது" என்று வைத்துவிட்டான். பழையதைத் தீட்டி அவன் கையில் கொடுத்தோம். நாலாவது இழுப்பில் பலகையின் நீளத்துக்கு மெல்லிய சுருள் எழும்பி வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பலகையை எடுத்து வைத்தான்.

எங்களைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மையம் அதுதான். அனுபவமுள்ள ஓடாவிக்குக் கெட்ட உளியைக் கையில் எடுத்ததுமே தெரியும். வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். பழகுகிறவனுக்கு அது தெரியாது. கருவியின் குறையைத் தன் கையின் குறையென்று நினைப்பான். ஆறு மாதத்தில் அவன் தொழிலை விட்டுவிட்டு ஓட்டோ ஓட்டப் போனால், "பெட்டி கொடுத்தும் பிள்ளை முன்னேறவில்லை" என்று நாமும் சொல்லிவிடுவோம்.

காசுக் கணக்கையும் பார்ப்போம். உதாரணத்துக்கு, 3,000 ரூபாவுக்கு ஓர் உளித் தொகுதி வாங்கி ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டி வருகிறதென்று வைத்துக்கொள்வோம். 5 வருடத்தில் 15,000 ரூபா. பாவித்த நல்ல உளிகள் மூன்றை 7,500 ரூபாவுக்கு வாங்கினால், அதே 5 வருடத்தில் செலவு தீட்டுகல்லுக்கு மட்டும்தான். வேண்டாமென்று விற்றாலும் ஒரு விலை கிடைக்கும். மலிவுத் தொகுதியை ஒரு வருடம் பாவித்துவிட்டு விற்க முடியுமா? 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, இறக்குமதிச் சாமான் வாங்க முடியாமல் எத்தனை தொழிலாளிகள் தவித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்டுக்குள் ஏற்கனவே இருக்கிற நல்ல சாமான், டொலரில் மீண்டும் காசு கட்டாமலே கிடைக்கிறது.

"ஏழைப் பிள்ளைக்குப் பழையதைக் கொடுப்பதா? மனம் நோகாதா?" என்று ஒரு காக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். யப்பானில் சில வருடம் ஓடிய வாகனத்தை ரீகண்டிஷன் என்று பெருமையாக வாங்குகிறோம். பழைய வீடு இடிக்கும்போது தேக்கங் கதவுக்கும் முதிரை நிலைக்கும் போட்டி போடுகிறோம். பழையது என்பதில் அவமானம் இல்லை. கறளோடும் அழுக்கோடும் தூக்கிக் கொடுப்பதில்தான் அவமானம் இருக்கிறது. துடைத்து, தீட்டி, புதுப்பிடி போட்டு, எண்ணெய் பூசிக் கொடுத்தால் அது மரியாதையான அன்பளிப்பு.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

சீவுளி: உருக்கு அடிமட்டத்தின் ஓரத்தை அடிப்பாகத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் பெரிதாகத் தெரிந்தால் விடுங்கள். அலகு வெளிவரும் வாயருகே வெடிப்பு உண்டா பாருங்கள். வார்ப்பிரும்பு வெடித்தால் சாதாரணமாக ஒட்டித் திருத்த முடியாது. அலகில் இன்னும் எவ்வளவு நீளம் மிச்சமிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

உளி: மேலால் படிந்த கறள் பிரச்சினையில்லை, அரத்தாளில் போய்விடும். தட்டையான பின்பக்கத்தில், முனைக்குக் கிட்ட, குழிகுழியாகக் கறள் தின்றிருந்தால் வேண்டாம். முனை நீல நிறமாக இருந்தால் யாரோ கிரைண்டரில் எரித்திருக்கிறார்கள், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீளம் மிச்சமிருந்தால் நீலம் போகும்வரை மெதுவாகத் தேய்த்துப் பாவிக்கலாம்.

கைவாள்: கண்ணுக்கு நேரே பிடித்து முதுகோரமாகப் பாருங்கள், கோணல் இருக்கக்கூடாது. வளைத்து விட்டால் நேராகத் திரும்ப வேண்டும். பழைய வாளை முக்கோண அரத்தால் கூராக்கிப் பல் விரிக்கலாம். இப்போது வரும் பல வாள்களில் பல்லின் நுனி மட்டும் கறுத்து நீலமாக இருக்கும். அவை தனியாகக் கடினமாக்கப்பட்டவை, அரம் பிடிக்காது. அந்த வகையைப் பாவித்ததாக வாங்க வேண்டாம்.

ஸ்பெனர்: வாய் விரிந்திருக்கிறதா என்று ஒரு புதிய நட்டில் போட்டுப் பாருங்கள். ஆடினால் நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். நல்ல பெயர்களில் போலிகளும் வருகின்றன. ஒரே கம்பனி பல தரங்களிலும் செய்கிறது. ஸ்டான்லி, ரெக்கோர்ட், மார்ப்பிள்ஸ், பாக்கோ என்ற பெயர்களைக் கண்டால் நின்று பாருங்கள். வாங்குவதா என்பதைச் சாமானைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

புதிதாகவே வாங்க வேண்டியவையும் உண்டு. அளவு நாடா, துளையிடும் அலகுகள், கிரைண்டர் தட்டு, கண் பாதுகாப்புக் கண்ணாடி. கிரைண்டர் தட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சுற்றும்போது சிதறும். தலை சிதைந்த சுத்தியலும் வேண்டாம், அடிக்கும்போது துண்டு தெறிக்கும். மின்சாரக் கருவியைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல், வயரைச் சோதிக்காமல் வாங்கவே கூடாது. வீட்டில் வருடத்துக்கு நாலு ஆணி அடிக்கிறவருக்கோ மலிவுப் பெட்டியே போதும். அவர் இதற்காக அலையத் தேவையில்லை.

எங்கள் யோசனை இதுதான். பெட்டியில் 20 சாமான் வேண்டாம். ஒரு சீவுளி, கால், அரை, ஒரு அங்குல உளிகள் மூன்று, ஒரு கைவாள், ஒரு மூலைமட்டம், ஒரு தீட்டுகல் ஆகிய 7 சாமான்கள் போதும். கொட்டாப்புளியைப் பிள்ளைகளே செய்துகொள்வார்கள், அது அவர்களின் முதல் வேலையாக இருக்கட்டும். வாங்கப் போகும்போது ஊரின் மூத்த ஓடாவிமாரில் ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவருடைய நாட்கூலியை இந்தப் பணத்திலிருந்தே கொடுங்கள். தேடி எடுக்க ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. தீட்டும் பயிற்சியை, அதிபரின் அனுமதியோடு, இன்ஷா அல்லாஹ் ஒரு சனிக்கிழமை எங்கள் பட்டறையில் நாங்கள் நடத்தித் தருகிறோம். 20 சாமான் பெட்டி போட்டோவுக்கு அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் போட்டோ எடுத்த அடுத்த நாள் அந்தப் பிள்ளை வேலைக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாப்பாவின், மூத்தவாப்பாவின் உளியும் சீவுளியும் சில வீடுகளில் கட்டிலுக்கடியில் சாக்கில் கிடக்கின்றன. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தால் கிலோ கணக்கில் போய்விடும். அவரிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன் எங்களிடம் ஒருமுறை காட்டுங்கள். பாவிக்கக்கூடியது இருந்தால் நியாயமான விலை வாங்கித் தருகிறோம். சும்மா தர விரும்பினால், அது எந்தப் பிள்ளையின் கைக்குப் போனது என்பதையும் வந்து சொல்வோம்.