எலும்புக்கு மராத்தியில் ஒரு சொல்

நீண்ட பதிவு. ஆய்வேட்டின் நான்காம் இயலைத் திருத்தி அனுப்ப வேண்டிய வாரத்தில், நாய்க்கு பிஸ்கட் சுடுவதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளர் கண்ணில் பட்டால் இதுவும் களத்தரவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

புனேயில் எரவாடாவுக்கு அருகே ஒரு வீட்டின் மாடியில், இரண்டு வேட்டைநாய்களோடு குடியிருக்கிறேன். மூத்தவன் மோத்யா. 2022ஆம் ஆண்டுக் கோடையில் சோலாப்பூர் நெடுஞ்சாலையோரம், கழுத்தில் அறுந்த கயிற்றோடு நின்றவனை ஒரு மீட்புக் குழுவினர் தூக்கி வந்தார்கள். இளையவள் அதற்கு அடுத்த ஆண்டு ஒரு கரும்புத் தோட்டத்தில் கிடைத்தாள். இருவர் அட்டையிலும் மருத்துவர் 'கிரேஹவுண்ட் கலப்பு' என்று எழுதியிருக்கிறார். மகாராஷ்டிரக் கிராமங்களில் இந்த ஒல்லிநாய்களுக்குக் கார்வானி என்று பெயர். கிருஷ்ணையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் அதுவே முதோள். வெள்ளையர் கொண்டுவந்த கிரேஹவுண்டோடு நாட்டுநாயைச் சேர்த்து வேகம் கூட்டும் ஆசை இன்னும் விட்டபாடில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தலை வெளியிட்டபோது, முதோளும் நம் ராஜபாளையமும் அந்த நான்கில் இருந்தன. தலையில் ஏறிய இனம் சாலையோரத்திலும் நிற்கிறது.

கிரேஹவுண்டுகளைத் தத்தெடுப்பது வெளிநாடுகளில் ஓர் இயக்கமாகவே நடக்கிறது. மக்காவ் நகரின் பந்தயத்திடல் 2018இல் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்தது. அதே ஆண்டு புளோரிடா மக்கள் வாக்களித்து நாய்ப்பந்தயத்தை ஒழித்தார்கள். அங்கெல்லாம் நாயின் காதில் பச்சை குத்திய எண் இருக்கும், பந்தயக் கணக்கு இருக்கும், ஓய்வுபெற்ற நாள்கூட ஏட்டில் இருக்கும். நம்மூர் வேட்டைநாய்க்கு ஏடு ஏது? முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குற்றம். ஆகவே ஓடிய நாளும் கணக்கில் இல்லை, ஓட்டம் நின்ற நாளும் கணக்கில் இல்லை.

பெயர் வைத்த கதையைச் சொல்லாமல் மொழியியல் படித்தவரால் மேலே போக முடியாது, பொறுத்தருள்க. மோத்யா என்பது மீட்டவர்கள் வைத்த பெயர். மராத்தி வீடுகளில் நாய்க்கு வழிவழியாக வைப்பது, நம்மூர் மணி போல. இளையவளுக்கு நான் ஞமலி என்று வைத்தேன். சங்கப் பாடல்களில் நாய்க்கு வழங்கும் பெயர். தொல்காப்பியம் மொழிமுதல் ஞகரத்தோடு ஆ, எ, ஒ ஆகிய மூன்று உயிர்களை மட்டுமே சேரவிடுகிறது. அந்த விதிப்படி 'ஞமலி' வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய சொல். நன்னூல்தான் அகரத்தையும் சேர்த்துக்கொண்டு அதை உள்ளே அழைத்தது. தாமதமாக வீட்டுக்குள் வந்தவளுக்குப் பொருந்தும் என்று நினைத்தேன். தெருவில் அந்தப் பெயர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மராத்தியரின் நாவுக்குச் சொல்முதல் ஞகரம் பழக்கமில்லை. இடையில் வரும் குறிலையும் அது விழுங்கிவிடும். நம்லி ஆகிவிட்டாள். ஞண்டு நண்டானதற்கு நமக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. எங்கள் தெரு ஆறே நாளில் முடித்துவிட்டது.

இனி அந்தச் சொல்.

மோத்யா வந்த முதல் மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு இறைச்சிக் கடை வாசலில் நின்றிருந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். மோத்யாவின் விலா எலும்புகளைப் பார்த்து இரக்கப்பட்டு, "ஹாட் பாஹிஜே கா?" என்றார். எலும்பு வேண்டுமா என்று பொருள். (ஹாட் என்பதன் டகரத்தை 'நாடு' என்பதன் டகரம் போல ஒலிக்கவும்.) அவர் வாயை மூடுவதற்குள் மோத்யா தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். வால் வயிற்றுக்குள் போயிற்று. கால் நடுங்க, கல் பாவிய நடைபாதை நனைந்தது. கடைக்காரர் திகைத்து, இன்னும் அன்பாக, இன்னும் சத்தமாக அதே சொல்லைச் சொன்னார். கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவன் ஓடியதை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. இந்த வகை நாய்கள் பாயும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும் என்று படித்திருந்தேன். மோத்யாவின் பாய்ச்சலில் அந்தத் தாளம் இல்லை. இடப்புற முன்னங்கால் ஊன்றும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

மராத்தியில் எலும்பும் ஹாட். நாயைத் துரத்தும் சொல்லும் ஹாட். முன்னது பெயர்ச்சொல், ஹிந்தியின் 'ஹட்டி'க்கு உறவு. பின்னது நம் 'அடச்சீ' போன்ற வெறும் ஒலிக்குறிப்பு. "ஹாட், ஹாட்" என்று இரட்டித்துக் கையை ஓங்கினால் போதும். எழுத்தில் வேறுபாடு இல்லை, ஒலியிலும் இல்லை. மனிதர்களுக்குக் குழப்பம் வருவதில்லை, வாக்கியம் இருக்கிறதே. மோத்யாவுக்கு எங்கே வாக்கியம்?

விலங்குகளிடம் நாம் பேசும் இத்தகைய சொற்கள் மொழியின் புழக்கடையில் கிடப்பவை. இலக்கணம் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. பெர்பர் இனக்குழு ஒன்றில் வீட்டு விலங்குகளை அழைக்கும் ஒலிகளைப் பற்றி ஜேம்ஸ் பைனன் 1976இல் எழுதிய கட்டுரைதான் நான் இத்துறையில் விரும்பிப் படித்த முதல் கட்டுரை. நாம் நாயைத் "தோ, தோ" என்று கூப்பிடுகிறோம். மராத்தியர் "யூ, யூ" என்கிறார்கள். கூப்பிடும் சொற்கள் இனிமையானவை. ஆனால் தெருவில் ஒரு நாள் குறிப்பேட்டோடு நின்று எண்ணிப் பாருங்கள், ஒரு நாயின் காதில் எந்தச் சொல் அதிகம் விழுகிறது என்று.

அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுத்தோம். மருத்துவர் படத்தை ஒளிப்பலகையில் மாட்டி, முன்னங்காலில் ஒரு கோட்டைக் காட்டினார். "ஜுனம் ஹாட் மோட்லய." பழைய எலும்பு முறிவு, கட்டுப்போடாமல் தானாகவே கோணலாகக் கூடியிருந்தது. அறைக்கு வெளியே நின்ற மோத்யாவுக்கு அது கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். கேட்டிருந்தது.

அந்தச் சொல்லின் பொருளை மாற்றிக் காட்டுகிறேன் என்று நான் இறங்கியதுதான் பிஸ்கட் கதையின் தொடக்கம். திட்டம் எளியது. எலும்பு வடிவில் பிஸ்கட் சுடுவது. கொடுக்கும்போதெல்லாம் மெதுவாக "ஹாட்" என்பது. நாளடைவில் அச்சம் போய் ஆவல் வரும். இயல் ஒன்றில் எழுதியிருந்தால் நானே 'முறையியல் தெளிவு' என்று பாராட்டியிருப்பேன்.

புனேயில் பிஸ்கட் என்றால் ஈஸ்ட் ஸ்ட்ரீட் கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரிதான். 1955 முதல் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அது வெண்ணெயும் சர்க்கரையும், நமக்கானது. நாய்க்குச் சர்க்கரை, உப்பு வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் இருக்கிறதா என்று பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். அந்தச் செயற்கை இனிப்பு சிறிதளவே நாயைக் கொன்றுவிடும். வேக வைத்து மசித்த மஞ்சள் பூசணி, ஒரு முட்டை, உப்பிடாத வேர்க்கடலை அரைத்தது ஒரு கரண்டி, இரண்டு கிண்ணம் கம்பு மாவு. கோதுமையை விட்டுக் கம்புக்குப் போனதற்குக் காரணம் ஊர்ப்பற்றுதான். சாத்தூர்ப் பக்கக் கரிசல் கிராமம் என்னுடையது. என் தாத்தா வளர்த்த சிப்பிப்பாறை நாய் கம்பங்கூழில்தான் வளர்ந்தது.

முதல் தட்டு அடுப்பிலிருந்து பொடியாக வந்தது. இரண்டாவது, எலும்பு வடிவ அச்சிலிருந்து பிரிய மறுத்தது. மூன்றாவது தீய்ந்து புகை கீழ்வீடு வரை போக, ஆஜி மாடியேறி வந்துவிட்டார்.

ஆஜி என் வீட்டு உரிமையாளர், எழுபது வயதைக் கடந்தவர். வியாழக்கிழமைதோறும் தத்தருக்குப் பூசை செய்பவர். அவர் கூடத்துச் சுவரில் தத்தாத்ரேயர் படம். காலடியில் நான்கு நாய்கள், நான்கு வேதங்கள் என்பார்கள். அந்தப் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டுவிட்டு, வாசலுக்கு வரும் தெருநாயை "ஹாட்!" என்று விரட்டுவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் வீடுகளிலும் பைரவர் கோயிலில் இருப்பார், வைரவன் தெருவில் அடிபடுவான்.

ஆஜி மாவைத் தொட்டுப் பார்த்தார். "பாஜ்ரியைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தாயா?" என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கம்பில் கோதுமையின் பசை கிடையாது. கொதிக்கும் நீர் ஊற்றினால்தான் மாவு ஒன்றையொன்று பிடிக்கும். பாக்ரிக்கு அப்படித்தான் பிசைவார்களாம். அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளங்கையால் மெல்லிதாகத் தட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டி, பிறகு அடுப்பில் 150 பாகையில் முக்கால் மணி நேரம் உலர விட்டோம். தட்டினால் ஓடு போலச் சத்தம் வந்தது. சோலாப்பூர்ப் பக்கம் கடக் பாக்ரி என்று ஒன்று உண்டு, மாதக்கணக்கில் கெடாத மொறுமொறு ரொட்டி. கிட்டத்தட்ட அதுதான் என்றார் ஆஜி. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் கப்பல் ரொட்டியைப் பார்த்து நாய் பிஸ்கட்டைக் கண்டுபிடித்து விற்றதாக வரலாறு. தக்காணத்து நாய்களுக்கு அது அதற்கு முன்பே கிடைத்திருக்கும் போலிருக்கிறது, காய்ந்துபோன பாக்ரியாக.

மோத்யா அந்தத் துண்டை முகர்ந்தான். நான் முன்பு கடையில் வாங்கிய விலையுயர்ந்த எதையும் அவன் அப்படி முகர்ந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்றான். இதை எங்கேயோ, யாரோ ஒருவர் அவனுக்கு அன்போடு போட்டிருக்கிறார்.

பிஸ்கட் வென்றது, திட்டம் தோற்றது. "ஹாட்" என்று எவ்வளவு குழைந்து சொன்னாலும் அவன் பின்வாங்கினான். மூன்று மாதம் முயன்றேன். துண்டு கையில் இருக்க, சொல் வாயில் இருக்க, அவன் இரண்டுக்கும் நடுவே நின்று நடுங்கினான். ஒரு நாள் என் மேலேயே எரிச்சல் வந்து தமிழில், "இந்தா, எலும்பு" என்றேன். வந்து வாங்கிக்கொண்டான்.

லாரா குவாயா என்னும் ஆய்வாளர் மெக்சிகோவிலிருந்து தன் நாயோடு புடாபெஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தவர். மக்கள் வேறு மொழி பேசுவதை நாய் கவனிக்குமா என்ற ஐயத்தில் தொடங்கி, பதினெட்டு நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, ஸ்பானியத்திலும் ஹங்கேரியத்திலும் ஒரே கதையைக் கேட்க வைத்தார் அவரும் அவர் குழுவும். 2022இல் வெளியான முடிவின்படி, நாயின் மூளை இரு மொழிகளையும் பிரித்தறிகிறது. வயதான நாய்கள் கூடுதலாகப் பிரித்தறிகின்றன. எங்கள் கருத்தரங்கில் அந்தக் கட்டுரையை நான் வாசித்தளித்தபோது மோத்யா என் வாழ்க்கையில் இல்லை. அழகான ஆய்வு வடிவமைப்பு என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். மோத்யாவுக்குத் தமிழ் என்பது இதுவரை யாரும் அவனை அடிக்காத மொழி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதை மெய்ப்பிக்க என்னிடம் கருவியில்லை.

அந்த எண்ணத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அது போயிற்று. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிக்கும் 'குருளை' என்று ஒரே பெயர் சொல்கிறதே, துரத்துவதற்கும் துரத்தப்படுவதற்கும் பிறப்பில் ஒரே பெயர் என்று அப்பாவிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு தாத்தாவின் நாய்க்குத் திரும்பியது. அது எப்போது செத்தது என்று கேட்டேன். எனக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் நாய் தொழுவத்தில் இல்லை என்பது மட்டும் நினைவு.

"செத்ததா? அது ஓட்டம் விட்டுப் போச்சுல்ல தாயி. எட்டயபுரத்துப் பக்கத்துல இருந்து வந்த ஒருத்தர் கையில பிடிச்சுக் குடுத்துட்டாரு உங்க தாத்தா. அப்புறம் அத யாரு விசாரிச்சா?"

அப்பா கரும்பைக் கடித்துக்கொண்டே, மனத்தில் எதுவும் இல்லாமல்தான் சொன்னார். நானும் மேலே எதையும் கேட்கவில்லை. என் ஐந்தாண்டு உதவித்தொகை வரும் ஜூனில் முடிகிறது. அடுத்த வேலை எந்த ஊரில் என்று தெரியாது. இரண்டு பெரிய நாய்களோடு வருகிறேன் என்றால் வீட்டுத் தரகர்கள் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். ரயிலில் கொண்டுபோக முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் எடுக்க வேண்டும். ஓர் உறவினர், "கொஞ்ச நாளைக்கு யாரிடமாவது விட்டுவிட்டுப் போயேன்" என்றார். எட்டயபுரத்துப் பக்கத்து மனிதர் எனக்கு நினைவுக்கு வந்தார்.

இப்போது வியாழக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஆஜி இரண்டு துண்டு பாக்ரி பிஸ்கட்டோடு படிக்கட்டில் நின்று குரல் கொடுக்கிறார். நம்லி மூன்று தாவலில் கீழே போய்விடுவாள். மோத்யா மேலேயே நின்று யோசிப்பான். சென்ற மாதம் ஒரு நாள், அவனை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எலும்புக்கு உங்கள் மொழியில் என்ன?"

சொன்னேன். இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மராத்தி நாவில் எகரத்துக்கு முன் ஒரு யகரம் சேர்ந்தது, ஈற்று உகரம் உதிர்ந்தது.

"யே மோத்யா," என்றார். "யெலும்ப். யெலும்ப்."

கோணல் காலை ஒவ்வொரு படியிலும் வைத்துப் பார்த்து, மோத்யா இறங்கினான்.