யன்னலுக்கு ஆயுள், வேலைக்கு ஒரு வருடம்

ஸ்காபரோவில் அம்மா அப்பாவின் வீட்டுக்குப் புது யன்னல்கள் போட்டபோது மொழிபெயர்த்தது நான்தான். பத்து வயதிலிருந்து பார்க்கும் வேலை. விற்க வந்தவர் "லைஃப்டைம் வாரண்டி" என்றார். "ஆயுள் முழுக்க உத்தரவாதமாம் அப்பா" என்றேன். அப்பா கையெழுத்து வைத்தார்.

மூன்றாம் வருடம் பனி உருகும்போது அம்மாவின் அறைச் சுவர் நனைந்தது. தயாரித்த கொம்பனி படங்களைப் பார்த்துவிட்டு, கண்ணாடியிலும் பிரேமிலும் பிழையில்லை, பூட்டியதில்தான் பிழை என்றது. ஒப்பந்தத்தை அன்றுதான் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். பூட்டும் வேலைக்கு உத்தரவாதம் ஒரே வருடம். அலுவலகத்தில் மென்பொருள் ஒப்பந்தங்களை வரிவரியாக வாசிப்பவன் நான்!

இரண்டும் வேறு வேறு. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே ஆவி படிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அது தயாரித்தவர் பொறுப்பு. அப்போதும் கண்ணாடி மட்டும் சும்மா வரலாம், அதை மாட்டும் கூலி உங்கள் தலையில் விழலாம். பிரேமைச் சுற்றிக் காற்றோ தண்ணீரோ வந்தால், அநேகமாக அடைத்த ஃபோமிலோ விளிம்பில் பூசிய கோக்கிங்கிலோ கோளாறு. அது பூட்டியவர் பொறுப்பு. அவர் கடையை மூடிவிட்டால் உத்தரவாதமும் அவரோடு போய்விடும்.

உங்கள் வீட்டிலும் யாராவது கையெழுத்து வைக்க முன், "பூட்டும் வேலைக்கு எத்தனை வருடம்? வந்து திருத்தும் கூலி யார் தருவது?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அப்பா ஏசவில்லை. திருத்த வந்தவரின் பத்திரத்தை இந்த முறை தானே கண்ணாடி போட்டு வாசித்தார். நடுவில் நிமிர்ந்து கேட்டார்: "தம்பி, லேபர் எண்டால் கூலிதானே?"