எதிர் ஜன்னல்

விடிகாலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் முதலில் கேட்பது ஜன்னல் கொக்கி கழலும் சத்தம். அடுப்படிக்குள் கால் வைப்பதற்கு முன்பே அம்மா கூடத்து ஜன்னலைத் திறப்பாள். அடுத்து நேராக நடந்து போய்க் கொல்லைக் கதவைத் திறப்பாள். இரண்டும் திறந்தால்தான் அவளுக்குத் திறந்த மாதிரி. "ராத்திரி காத்து வெளிய போவட்டும்" என்பாள். புதுக் காற்று உள்ளே வரட்டும் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பழசுக்கு வழி விட்டால் புதுசு தானே வரும் என்பது அவள் கணக்கு.

சாயங்காலம் வேறு முறை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வாசல் கதவைத் திறந்து வைப்பாள். வாசல் வழியாக வருகிற மகாலட்சுமி கொல்லை வழியாகப் போய்விடக் கூடாது. கொசு படையெடுக்கிற நேரமும் அதுதான் என்பதால் அந்தச் சாத்திரத்தை நாங்கள் யாரும் மீறியதில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கூடத்து ஜன்னலுக்கு நான்கு கதவுகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. பகலில் கீழ்க்கதவுகளைச் சாத்தி மேல்கதவுகளை மட்டும் திறந்து வைத்தால், தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே படுத்திருப்பவர் தெரியமாட்டார். காற்று மட்டும் வரும். ராத்திரி நான்கையும் திறந்துவிடலாம். கண்ணுக்குத் தடை, காற்றுக்கு வழி என்று இரண்டையும் யோசித்துச் செய்த தச்சருக்கு எந்தப் படிப்பும் இருந்திருக்காது.

அந்த யோசனையை, அறைகள் கட்டும்போது நாங்கள் மறந்துவிட்டோம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியபோது அது எங்களுக்குத் தூரத்துச் சேதி. 2010இல் ஒரகடத்திலேயே ரெனோ நிசான் ஆலை வந்தது. பக்கத்திலேயே அப்போலோ டயர்ஸ், பிறகு டெய்ம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு. ஏரிப் பாசனத்தில் நெல்லும் மேட்டில் வேர்க்கடலையும் விளைந்த ஊர்களில் வேலைக்கு வரும் பிள்ளைகள் தங்க இடம் கேட்டார்கள். நிலம் போன காசில் எங்கள் அப்பாவும் கொல்லையில் ஆறு அறைகளை வரிசையாகக் கட்டினார். லைன் வீடு என்போம். பத்துக்குப் பத்து அறை. கிழக்கே கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடிங் ஜன்னல். மேற்குச் சுவர் முழுக்க மூடிய சுவர். அதற்குப் பின்னால் காம்பவுண்டுக்கு இரண்டடி சந்து இருந்தது. சந்தில் திருடன் நிற்பான், பின்பக்கம் ஜன்னல் வேண்டாம் என்று அப்பா சொன்னார். நாங்களும் சரி என்றோம்.

ஓர் அறைக்கு நான்கு பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள். மின்னணுக் கம்பெனிகளில் ஷிஃப்ட் வேலை என்பதால் அறையில் எந்த நேரமும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு முழுக்க நின்றுவிட்டு ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளுக்குப் பகல்தான் ராத்திரி. அவளுக்கு வெளிச்சம் ஆகாது, தெருச் சத்தம் ஆகாது. அதனால் ஜன்னலைச் சாத்தி, கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிவிட்டார்கள். ஆள் நடமாட்டத்தைப் பார்த்த ஜன்னல் என்பதால் மற்றவர்களும் அதைத் திறக்கக் கூச்சப்பட்டார்கள். துணி உள்ளேயே காய்ந்தது. சோறும் உள்ளேயே வெந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடி வார்க்கிறது. உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமான பலகையாக எடுப்பார்கள். எங்கெங்கோ உள்ள வீடுகளின் ஜன்னலுக்கு இங்கிருந்து கண்ணாடி போகிறது. அதே வட்டாரத்தில் இந்தப் பிள்ளைகள் கண்ணாடிக்குத் தாள் ஒட்டிப் படுத்திருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

ஒருநாள் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "எந்திரிக்கும்போதே தலை பாரமா இருக்குக்கா. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்ல" என்றாள். அம்மா பேசாமல் எழுந்து போய் அவர்கள் அறைக்குள் நின்றுவிட்டு வந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. "இட்லிப் பானைக்குக் கூட ஆவி போவ வழி இருக்கு. இதுக்கு இல்லையே" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 25,000 லிட்டர். தூங்குகிற ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். நான்கு பேருக்கு 48. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 420 சொச்சம் இருக்கும் இந்த வாயு, முழுக்க அடைத்த அந்த அறையில் ஒரே மணி நேரத்தில் 2,300ஐத் தொட்டுவிடும். கதவிடுக்கில் கொஞ்சம் கசியும் என்பதால் நடப்பில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆயிரத்துக்குள் இருந்தால் காற்றோட்டம் பரவாயில்லை என்பது கட்டடக்காரர்கள் வெகுகாலமாக வைத்திருக்கும் தோராய அளவு. இந்த அளவில் அந்த வாயு விஷம் ஆகிவிடாது. ஆனால் ஒருத்தி விட்ட மூச்சை இன்னொருத்தி எவ்வளவு இழுக்கிறாள் என்பதற்கு அது நேர்சாட்சி.

அந்தப் பிள்ளைகள் வேலை செய்யும் மின்னணுக் கூடங்களில் காற்றை வடிகட்டி அனுப்புகிறார்கள். வெப்பத்தையும் ஈரத்தையும் மானி வைத்துப் பார்க்கிறார்கள். தூசி பட்டால் ஒரு பாகம் வீணாகலாம் என்பதால் அவ்வளவு கவனம். அந்தப் பாகத்தைச் சேர்க்கிற கைக்குச் சொந்தக்காரி தூங்கும் அறையின் காற்றை யார் அளந்தார்கள்? நாங்கள் அளக்கவில்லை. மாதா மாதம் வாடகை மட்டும் வாங்கினோம்.

காற்றையே வைத்தியமாக நம்பிய இடமும் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் போனால், அங்கிருந்து சென்னைப் பக்கம் அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோய்க்காரர்களுக்கு ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார். மருந்தே இல்லாத காலம் அது. திறந்த வெளி, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். பிறகு மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, சரியாக மருந்து கொடுத்தால் நெரிசலான ஏழை வீட்டில் இருந்தபடியே காசநோயைக் குணமாக்கலாம், சானடோரியத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று 1959இல் உலகத்துக்கே காட்டியது. நோயைத் தீர்ப்பது மருந்துதான். ஆனால் நோய் இருப்பது தெரியாமலே ஒருவர் இருமிக்கொண்டிருக்கும் நாட்களில், பக்கத்தில் படுப்பவரைக் காப்பது காற்றோட்டம். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் இதை அளந்து 2007இல் வெளியிட்டார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 தடவை அளவுக்குக் காற்று மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் தரும் அறைகளுக்குச் சொல்லப்பட்ட 12ஐப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதிலும் உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள்தான் முன்னால் நின்றன.

ஏசி போட்டால் தீர்ந்துவிடும் என்று தம்பி சொன்னான். சுவரில் மாட்டுகிற ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் இழுத்துக் குளிர வைத்துத் திரும்ப விடுகிறது. புழுக்கம் தெரியாமல் போகும், மூச்சு அதே மூச்சுதான்.

கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் எவ்ளோ பெரிய ஜன்னல் வெச்சாலும் காத்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும். எதிர்ல ஓட்டை வேணும்" என்றார். தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் புரட்டினால், எங்களைப் போல வெயிலும் ஈரமும் சேர்ந்த வட்டாரத்துக்குக் கதவு நீங்கலாகத் திறப்புகளின் பரப்பு தரையில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். நூறு சதுர அடி அறைக்குப் பதினேழு சதுர அடி. அப்பா வைத்தது மூன்றுக்கு மூன்று, ஒன்பது. ஸ்லைடிங் என்பதால் அதிலும் ஒரு நேரத்தில் திறப்பது பாதிதான்.

மேற்குச் சுவரில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், இரண்டடிக்கு ஒன்றரை அடி உடைத்தார்கள். சிமெண்ட் ஜாலி வைத்து உள்ளே கொசுவலை அடித்தோம். முதல் அறையில் கடப்பாரை மறுபக்கம் வந்ததும், உடைந்த செங்கல் வழியாக ஒரு கை அகல வெளிச்சம் விழுந்தது. கிழக்குச் சுவரில் ஆணியில் தொங்கிய தினசரிக் காலண்டர் அதுவரை அசைந்து நான் பார்த்ததில்லை. அதன் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆடி மாதம். மேற்கிலிருந்து கோடைக் காற்று பலமாக வீசும் காலம். அந்தச் சுவருக்கு வெளியே அத்தனை வருஷமும் அது வந்து மோதித் திரும்பிப் போயிருக்கிறது. தலை பாரம் என்று சொன்ன பெண் சாந்துத் தூசிக்குள்ளேயே போய் நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நம்மவர்கள் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் வீட்டை அதற்கேற்ப நிறுத்தினார்கள். இப்போது எங்கள் அறைகளில் வெயில் காலத்தில் பொழுது சாயும்போது கடற்காற்று கிழக்கு ஜன்னலில் நுழைந்து மேற்கு ஜாலியில் போகிறது. ஆடியில் மேற்கில் நுழைந்து கிழக்கே போகிறது. பகலில் தூங்குகிறவள் கீழ் ஜன்னலை மூடித் திரை போட்டாலும், கதவின் மேல் நாங்கள் எடுத்த சின்ன வெண்டிலேட்டரும் எதிர் ஜாலியும் திறந்தே இருக்கின்றன.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டோம். கொசுவலை அடித்த மூன்றாம் மாதமே காற்று குறைந்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்னார்கள். வலையைக் கழற்றி வாளித் தண்ணீரில் முக்கினேன். லாரித் தூசி, தாளிப்புப் பிசுக்கு, பஞ்சு எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு கண்ணும் பாதி அடைந்திருந்தது. தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி ஆனது. அலசி மாட்டிய அன்றே பழைய காற்று திரும்பிவிட்டது. மாதம் ஒருமுறை வலையை அலசுவது இப்போது லைன் வீட்டு வழக்கம். டெங்கு கொசு பகலில் கடிப்பது. விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் மூடி அதைத் தடுக்க முடியாது என்பதால் வலையை விடவும் முடியாது.

எந்நேரமும் திறந்து வை என்று நான் சொல்ல மாட்டேன். போகி விடியலில் டயர் எரியும்போது, யாராவது குப்பைக்குத் தீ வைக்கும்போது, மூடத்தான் வேண்டும். மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கும், வெயில் ஏறிய பிறகு திறப்பது நல்லது. சாலையில் டிரெய்லர்கள் வரிசையாகப் போகும் நேரத்தைத் தெருக்காரர்கள் அறிவார்கள். அடுப்பு எரியும்போது மட்டும் இரண்டு பக்கமும் திறந்தே ஆக வேண்டும். மூடுவதற்குக் காரணம் இருக்கலாம். காரணம் போனதும் திறக்க வேண்டும். மூடியது மூடியபடியே கிடப்பதுதான் கெடுதல்.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பைத் திறந்தார்கள். 18,720 படுக்கைகள். அத்தனை பேர் தூங்க ஓர் இடம் வேண்டியிருந்தது என்றால், எங்களைப் போன்றவர்களின் லைன் வீடுகளில் இன்னும் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றும் எங்கள் தெருவில் மூன்று இடத்தில் அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் போய் நின்று நான் கேட்பது ஒன்றே ஒன்று: எதிர்ச் சுவரில் எங்கே திறப்பு வைக்கப் போகிறீர்கள்? செங்கல் ஏறும் முன் என்றால் அதற்கு ஒரு ஜாலியின் விலைதான். நாங்கள் உடைத்து வைத்தோம், எங்களுக்குக் கூடுதல் செலவு. ஆனால் காசைவிடப் பெரிய நஷ்டம், அந்த வருஷங்களில் அங்கே படுத்து எழுந்த பிள்ளைகளுக்கு.

ஜன்னல் என்ற சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. அதற்கு முன்பே, சிலப்பதிகாரக் காலத்திலேயே, நம்மிடம் காலதர் என்று ஒரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. போன வாரம் விளக்கு வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, மேலே இருக்கும் ஜாலியைக் காட்டி, "அதையும் மூடணுமாம்மா?" என்று கேட்டாள்.

"அது கதவு இல்லம்மா, காத்து போற வழி. அத்த மூடக் கூடாது" என்றாள் அம்மா.