விடை மட்டும் போதாது

உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. வலிப்பதில்லை, தெரிவதும் இல்லை. வளிமண்டலத்தின் உச்சியில் காஸ்மிக் கதிர்கள் எனும் அதிவேகத் துகள்கள் மோதிச் சிதறுவதில் பிறப்பவை இவை. 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி, உயரம் கூடக்கூடக் கதிர்வீச்சும் கூடுவதை அளந்து, அது விண்ணிலிருந்துதான் வருகிறது என்று சொன்னார்.

இவ்வளவு மெலிந்த தூறல் ஒரு கேலக்ஸியையே அசைக்குமா? பால்வீதியில் காஸ்மிக் கதிர்களின் ஆற்றல் கன சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு எலெக்ட்ரான் வோல்ட். அற்பமாகத் தோன்றும், ஆனால் காந்தப்புலத்தின் பங்கும் வாயுக் கொந்தளிப்பின் பங்கும் ஏறக்குறைய அவ்வளவேதான். சூப்பர்நோவா எனும் நட்சத்திர வெடிப்பில் சூடேறிய அடர்ந்த வாயு விரைவில் ஆறிப்போகும். காஸ்மிக் கதிர்கள் அப்படி ஆறுவதில்லை. கோடி ஆண்டுக் கணக்கில் அலைந்து, வாயுவை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கேலக்ஸிகள் தம் வாயு முழுவதையும் நட்சத்திரங்களாக்கித் தீர்த்துவிடாததற்கு இவையும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதைக் கணினியில் கொண்டுவருவதில்தான் சிக்கல். இந்த ஆற்றலில் பெரும்பகுதியைச் சுமக்கும் புரோட்டான்கள் காந்தப்புலத்தில் சுழலும் வட்டம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைவிடச் சிறியது. பால்வீதியின் வட்டோ ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம். இரண்டையும் ஒரே கணக்கில் அடக்க எந்தக் கணினிக்கும் இயலாது. ஆகவே துகள்களை இன்னொரு வாயுவாகப் பாவித்து, அது எவ்வளவு வேகமாகக் கசியும் என்பதற்கு ஒரு எண்ணைக் கொடுக்கிறார்கள். கசிவு குறைந்தால் கதிர்கள் அடர்ந்த வாயுவிலேயே மோதி ஆற்றலை இழந்துவிடும். மிகுந்தால் எதையும் தள்ளாமலே நழுவிவிடும். இடைப்பட்ட அளவில்தான் வட்டிலிருந்து காற்று கிளம்பும்.

அந்த எண்ணைத் திருகித் திருகி, நட்சத்திரங்களின் மொத்த நிறையைச் சரியாக வரவழைத்துவிடலாம். விடை சரியாக இருந்தும் ‘வழி எங்கே?’ என்று கேட்கும் கணக்கு வாத்தியார் போல இங்கே இரண்டு சாட்சிகள் உண்டு. வாயுவில் மோதும் புரோட்டான்கள் பையான் எனும் துகள்களை உண்டாக்க, அவற்றில் சில காமா கதிராகச் சிதையும். 2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கி அதை அளக்கிறது. பூமிக்கு வந்துசேரும் கதிர்களில் போரானுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம், அவை வழியில் எவ்வளவு வாயுவைக் கடந்தன என்று சொல்லிவிடும்.

சுருள் கைகள் அழகாக விரியும் கேலக்ஸிக் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறவன் நான். இப்போதெல்லாம் அவற்றின் அழகு மட்டும் என்னை ஒப்புக்கொள்ள வைப்பதில்லை. இந்தக் கேலக்ஸி எவ்வளவு காமா கதிர் வீசும் என்று கேட்கத் தோன்றுகிறது.